மாட்டுக்கென்று வாங்கிய அரிசி

என் மகளின் இருதயத்தில் ஓட்டை இருப்பது மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்: எனக்கு, என் கணவருக்கு, அவளுக்கு. நாலாவது ஆளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதை என் பொறுப்பாக நானே எடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. நாளை பின்னே சம்பந்தம் பேசி வருகிறவர்கள் முதலில் சாதகத்தைக் கேட்பார்கள், பிறகு அயலட்டையில் விசாரிப்பார்கள். எங்கள் உருத்திரபுரத்தில் விசாரித்தால், இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தவளைக்கூடப் பாடையில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்வார்கள். ஓட்டையை டாக்குத்தர் அடைத்துவிடுவார். கதையை யார் அடைப்பது?

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குத் திகதி தந்த அன்று, என்னை ஒரு வார்த்தை கேளாமல் என் கணவர் நேர்த்தி வைத்துவிட்டார். ஏழு வீட்டில் மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியில் நந்திக்கடலோரத்துக் கண்ணகி அம்மனுக்குப் பொங்குவதாம். நேர்ந்தது அவர், மடியேந்த வேண்டியது பிள்ளையைப் பெற்ற நான். மடிப்பிச்சைக்கு ஒரு முறை இருக்கிறது. தருகிற வீட்டில் எது தந்தாலும் வாங்க வேண்டும். யாருக்காக என்று கேட்டால் சொல்ல வேண்டும். தருகிறவர் அந்த ஆளை மனதில் நினைத்துத்தான் அரிசியைப் போடுவார்.

“எங்கட ரோட்டிலயே எடுக்கலாம்” என்றார் அவர்.

“விசரோ உங்களுக்கு? ஆரும் எங்களைத் தெரியாத இடத்தில எடுப்பம்.”

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பொங்கல் பானையும் விறகும் பாற்போத்தலுமாக, அவருடைய ஓட்டோவில் மூவரும் வெளிக்கிட்டோம். பரந்தனில் முல்லைத்தீவு றோட்டுக்குத் திரும்பியதும் அவர் வேகத்தைக் குறைத்து, “வீட்டைக் காட்டும், நிப்பாட்டுறன்” என்றார். ஷெல்லடியில் தலை போன பனைகளும் வீட்டுத்திட்ட வீடுகளும் வயலுமாக மாறி மாறி வந்தன. நான் ஒவ்வொரு படலையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெரிய கேற் உள்ள வீடு வேண்டாம், ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நாய் உள்ள வீடு வேண்டாம். நாயும் இல்லாமல் சனமும் இல்லாமல் கிடக்கிற வீடு அதைவிட வேண்டாம்.

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது என்று அவர் சொல்வார். அது பொய். எந்த ஊர், ஆரின்ர பிள்ளை என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று தெரியாத சண்டைக் காலத்தில் வளர்ந்தவள் நான். அந்தக் காலம் போய்விட்டது என்கிறார்கள். என் காது இன்னும் நம்பவில்லை.

தருமபுரம் தாண்டி முதல் வீடு. வயதான மனிதர் ஒருவர், நேர்த்தி என்று நான் சொன்னதும் உள்ளே போய் அளக்கிற சுண்டில் ஒரு சுண்டு அரிசி கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டு, “நல்லாப் போயிட்டு வாங்கோ” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டோவில் ஏறியதும் அந்த அரிசியைக் கையில் பரப்பிப் பார்த்தேன். ஒன்றும் கேளாமல் தருகிறவர் பழுதான அரிசியைத் தள்ளிவிடுகிறவராகத்தான் இருப்பார் என்று பட்டது. நல்ல சிவப்புப் பச்சையரிசி. ஒரு கல் இல்லை.

விசுவமடுவில் ஒரு பெண் எங்களை விறாந்தையில் இருத்தி, மகனைக் கூப்பிட்டு இளநீர் வெட்டுவித்தா. குடித்து முடித்த பிறகும், இவா ஏன் இவ்வளவு செய்கிறா என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. இன்னொரு வீட்டில் அரிசியோடு ஒரு பை கத்தரிக்காயும் தந்து, “கறிக்கு உதவும்” என்றார்கள். புதுக்குடியிருப்பில் ஒருவர் எங்களைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஓட்டோவின் திறப்புச் சாவியைக் கழற்றி வைத்துக்கொண்டார். அவரிடமிருந்து தப்பி வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. என் கணவரும் மகளும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஆறு வீடு முடிந்திருந்தது. யாருக்கு நேர்த்தி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஏழாவது வீடுதான் வாய்க்கவில்லை. எனக்குப் பிடித்த படலை கிடைக்காமல், கோயிலுக்குத் திரும்புகிற இடத்தையும் தாண்டித் தண்ணீரூற்றுப் பக்கம் போய்விட்டோம். “இனி நீர் தெரிஞ்செடுத்தது போதும்” என்று அவர் ஒரு சின்ன வீட்டின் முன்னால் ஓட்டோவை நிறுத்திவிட்டார். வீட்டுத்திட்ட வீடுகள் வரிசையாக இருந்த ஒழுங்கை. முற்றத்தில் ஒரு பசுவும் கன்றும் கட்டியிருந்தன.

“வாங்கம்மா, உள்ளுக்கு வந்து உட்காருங்க” என்றபடி என் வயதுப் பெண் ஒருத்தி வந்தா. அந்த ஒரு வசனத்திலேயே மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்த குடும்பம் என்று என் காது பிடித்துக்கொண்டது. எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. வெளியில் சொல்லமாட்டோம், ஆனால் அந்த வீட்டுக் கதிரையில் இருந்தாலும் சாய்ந்து இருக்கமாட்டோம். நானும் நுனியில்தான் இருந்தேன். பிளேன்ரீ கொண்டுவந்தா. விரதம் என்று சொல்லித் தப்பினேன். மகள் தன்னுடையதைக் குடித்துவிட்டு என்னுடையதையும் குடித்தாள்.

“நேத்தி யாருக்கும்மா?” என்று அவா கேட்டா.

காலையிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. அவா மகளைப் பார்த்துக்கொண்டே கேட்டது போல எனக்குத் தோன்றியது. என் கண் முற்றத்துக்குப் போனது.

“மாட்டுக்கு” என்றேன்.

“ஐயோ, என்ன வருத்தம்?”

“கால்-வாய் நோய்.”

“கன்னு இருக்கா?”

“மூண்டு மாதக் கண்டு.”

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் வந்து சேர்ந்தது. வாயில் புண்ணா, புல் தின்கிறதா, கன்றைப் பிரித்துக் கட்டினீர்களா என்று அவா கேட்கக் கேட்க, இல்லாத மாட்டுக்கு நான் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவர் ஓட்டோவின் சில்லைப் பார்க்க எழும்பிப் போய்விட்டார். அவா உள்ளே சாமிப் படத்துக்கு விளக்கேற்றி, கண்ணை மூடி, வாய் அசைய வேண்டிக்கொண்டு, மூன்று சுண்டு நிறைய அரிசி கொண்டுவந்து என் மடியில் போட்டா. “வாயில்லாத ஜீவனுக்காக மடியேந்தி வந்திருக்கீங்க. அது எழும்பி நிக்கும், பாருங்க” என்றா. கண் கலங்கியிருந்தது. நடிக்கிறாவோ என்றுகூட நான் உற்றுப் பார்த்தேன். இன்றைக்கும் வீட்டில் நான் ஏதும் சாட்டுச் சொன்னால் மகள், “மாட்டுக்கோ?” என்று கேட்பாள். அன்று ஓட்டோவில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

கோயில் வெளிவீதியில் மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினோம். கடற்காற்றுக்கு நெருப்புப் பிடிக்க நேரமெடுத்தது. பால் விட்டுத் தண்ணீர் கொதித்துக்கொண்டு வர, நான் பையிலிருந்த அரிசியைக் கழுவி இரண்டு கையாலும் அள்ளினேன். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, இது ஆருக்கு?”

“உனக்குத்தான் பிள்ளை.”

“அவா மாட்டுக்கெண்டெல்லோ தந்தவா.”

“அதெல்லாம் கண்ணகி அம்மாளுக்குத் தெரியும். கையை விடு, பால் பொங்கப்போகுது.”

“ஒப்பரேசனில எனக்கு ஏதும் நடந்தா என்னெண்டு சொல்லுவியள்? மாடு செத்துப்போச்சு எண்டோ?”

எனக்கு முதலில் வந்தது கோபம். கோயில் வாசலில் வைத்து என்ன கதை கதைக்கிறாள் என்று அறையத்தான் கை வந்தது. கையில் அரிசி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். வருத்தம் தெரியவந்த இந்த ஐந்து மாதமாக அந்த முகத்தோடுதான் எங்கள் வீட்டுக்குள் நடந்து திரிந்திருக்கிறாள். நான் கதை வெளியே போகாமல் காத்துக்கொண்டிருந்தேன். அவளோ, தன்னை அம்மா மறைத்து வைக்கிறா என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவளிடம் இதைச் சரிசெய்ய, ஒப்பரேசனுக்கு முன்னால் எனக்கு ஒரு கிழமைதான், ஏழே நாள்தான் இருந்தது.

பால் பொங்கி அரிசி இல்லாமலே நெருப்பில் வழிந்தது. என் கணவர் கொள்ளிகளை வெளியே இழுத்தார். பிறகு ஓட்டோவை ஸ்ராட் பண்ணினார்.

தண்ணீரூற்று வீட்டுக்குத் திரும்பிப் போனோம். அந்தப் பெண் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றா. எங்களைக் கண்டதும் படலையடிக்கு வந்தா, ஆனால் திறக்கவில்லை. “என்னம்மா, அரிசி பத்தலையா?” என்றா. என்னை மேலும் கீழும் பார்த்தா. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். காலையிலிருந்து நான் எல்லோரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

“எங்களிட்ட மாடு இல்லை” என்றேன். “நேர்த்தி என்ர பிள்ளைக்கு. பொய் சொல்லிப்போட்டன்.”

அவாவுக்கு நல்ல கோபம் வந்தது. “நான் சாமிகிட்ட மாட்டுக்குன்னு கேட்டுட்டேனேம்மா! பச்சப் பிள்ளைய பக்கத்துல வச்சிக்கிட்டு அப்புடிச் சொல்லலாமா?”

இருதயத்தில் ஓட்டை என்று சொன்னேன். வருகிற கிழமை ஒப்பரேசன் என்று சொன்னேன். ஏன் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் அந்தச் சொற்களை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவா படலையைத் திறந்து நேரே மகளிடம் போய், தலையில் கை வைத்து, “முன்ன போட்டது போட்டதுதான். இப்பப் பிள்ளைக்குன்னு போடுறேன்” என்றா. உள்ளே திரும்பியவ நடுவில் நின்று, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குக் குரல் வைத்தா.

“அக்கா! இந்தப் பிள்ளைக்கு நெஞ்சில ஒப்பரேசனாம்! மடிப்பிச்சைக்கு வந்திருக்காங்க! அங்கிட்டும் சொல்லிவிடுங்க!”

இத்தனை மாதம் கட்டிக்காத்த கதை ஒரு நிமிடத்தில் ஒழுங்கை முழுவதும் போய்விட்டது. ஓட்டோவில் ஏறி ஓடிவிடலாமா என்று கணவரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் வீடுகளிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தியின் கையில் சுண்டு, ஒருத்தியின் கையில் சுளகு. ஒரு கிழவி கைப்பிடியிலேயே அள்ளிக்கொண்டு வந்தா. மகள் எனக்கு முன்னால் போய் நின்றாள். சுடிதாரின் சோல் துணியைக் கழுத்திலிருந்து எடுத்து இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தாள்.

“ஆருக்குப் பிள்ளை நேர்த்தி?” என்று முதலாவதாக வந்தவ கேட்டா.

பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன்.

“எனக்கு” என்றாள் மகள். “இருதயத்தில ஓட்டை. வாற கிழமை ஒப்பரேசன்.”

அடுத்தவ கேட்டபோதும் அதையே சொன்னாள். அதற்கடுத்த கிழவிக்குக் காது கேட்காது. அவாவுக்கு உரத்துச் சொன்னாள்.