வினிபிரட் மேற்றனை அடித்த கார்

வினிபிரட் மேற்றனுக்கு நடக்க மட்டும்தான் தெரியும் என்று விடுதிப் பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் சைக்கிள் பழகவில்லை. ஓட்டோவில் ஏறினால் வயிற்றைப் பிரட்டும் என்பார். சுன்னாகம் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் தபாற்கந்தோருக்கும் அவர் விறுவிறுவென்று நடந்து போவதைக் காங்கேசன்துறை வீதியில் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் கண்டிருக்கிறார்கள்.

மிஷன் காலத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றின் விடுதியில் அவர் மேற்றன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர். முப்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர், ஐம்பத்தெட்டு வயதிலும் அங்கேதான் இருந்தார். கலியாணம் செய்யவில்லை. விடுதிச் சமையலறைக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறைதான் அவருடைய வீடு. குரல் பெரிது, கோபமும் பெரிது. ஆனால் படித்து முடித்துப் போன பிள்ளை பத்து வருடம் கழித்து வந்து நின்றாலும் பெயர், ஊர், தகப்பன் என்ன செய்தவர், எந்தக் கட்டிலில் படுத்தவள் என்று எல்லாம் சொல்லுவார்.

ஜெயனி அப்படி வந்த பிள்ளைகளில் ஒருத்தி. போர் முடிந்த மறுவருடம், முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து தாய் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். தகப்பன் இல்லை. முதல் ஒரு வருடம் அவளால் மற்றப் பிள்ளைகளோடு படுக்க முடியவில்லை. தூக்கத்தில் எழும்பிக் கத்துவாள். மேற்றன் தன்னுடைய அறையில் பாய் போட்டு அவளைப் படுக்க வைத்தார். பிறகு ஜெயனி நன்றாகப் படித்தாள், பல்கலைக்கழகம் போனாள், சுன்னாகத்திலேயே கலியாணம் செய்தாள். புருஷன் கட்டாரில் வேலை. ஆசிரியர் நியமனத்துக்குத் தெரிவாகிவிட்டதாக ஒரு நாள் விடுதிக்கு வந்து கேக் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

அது கார்த்திகை மாத மழை. பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்து வினிபிரட் தேவாலயத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். வீதியின் வலதுபக்கம் முழுக்க வெள்ளம். அதனால் இடதுபக்கமாக, வாகனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தார் விளிம்பில் நடந்தார். மைம்மல் பொழுது, இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் வந்த வெள்ளைக் காரின் பக்கக் கண்ணாடி அவருடைய தோளில் அடித்தது. அவர் சுழன்று விழுந்தார். தலை வாய்க்கால் கட்டில் மோதியது.

எழும்பி இருந்தபோது அவர் முதலில் செய்தது சேலையை இழுத்துக் காலை மூடியதுதான். இரத்தம் இல்லை. முழங்கை உரஞ்சியிருந்தது. காதுக்குள் இரைந்தது. சைக்கிள் திருத்தும் கடைக்காரர் ஓடிவந்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கார்க்கதவு திறந்து ஒரு பெண் இறங்கி ஓடிவந்தாள்.

“மேற்றன்,” என்றாள் அவள். “மேற்றன், நான் ஜெயனி. நான் காணேல்லை மேற்றன், மழைக்குள்ளை காணேல்லை.”

“நம்பரை எழுதி வையுங்கோ,” என்று கடைக்காரர் மற்றவர்களிடம் சொன்னார். “பொலிசுக்குப் போன் அடிப்பம். அம்மா, நீங்கள் எழும்பாதேங்கோ. தலையெல்லோ அடிபட்டது.”

ஜெயனி அழத் தொடங்கினாள். நியமனக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை என்பதும், புருஷனுடைய காரை அவள் அண்மையில்தான் ஓடத் தொடங்கியிருந்தாள் என்பதும் மேற்றனுக்குத் தெரியும். அவர் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார்: “ஒருத்தரும் அடிக்கேல்லைத் தம்பி. நான்தான் கால் தடக்கி விழுந்தனான். உது எங்கடை பிள்ளை.” பிறகு ஜெயனியிடம், “எனக்கு ஒண்டுமில்லை. நீ போ பிள்ளை. ஆக்கள் கூடுறதுக்கு முதல் போ,” என்றார்.

ஜெயனி போனாள். மேற்றன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தே விடுதிக்குப் போனார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் சம்பலும். வழக்கம்போல நின்று எல்லோருக்கும் போட்டார். உதவி மேற்றன் தர்சினி முழங்கையைக் கண்டுவிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். விழுந்துவிட்டேன் என்றார்.

“தலையும் அடிபட்டதோ? வாங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போட்டு வருவம்.”

“உனக்கு விசரே. பனடோல் ரெண்டு எடு.”

அடுத்த நாள் தலையிடித்தது. அதற்கடுத்த நாளும் இடித்தது. மழைக்குணம் என்றார், வெறும் வயிறு என்றார். ஒரு கிழமை கழிய அவர் கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுத் தேடினார். காலைச் செபத்தில் பரமண்டல செபத்தை நடுவில் விட்டுவிட்டு நின்றார்; பிள்ளைகள் மிச்சத்தைச் சொல்லி முடித்தார்கள். இடதுகால் கொஞ்சம் இழுபட்டது. தர்சினி பயந்துபோய் அவருடைய தம்பி நேசராஜாவுக்குப் போன் எடுத்தாள். அவர் சண்டிலிப்பாயிலிருந்து வந்து சேர்வதற்கிடையில் மேற்றன் சமையலறை வாசலில் விழுந்து கிடந்தார்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். தலைக்குள் இரத்தம் கசிந்து கட்டியாகி மூளையை அமத்துகிறது என்று டொக்டர் சொன்னார். இளம் ஆள். கோபமில்லாமல்தான் கேட்டார்.

“எப்ப அடிபட்டது?”

“ரெண்டு கிழமை இருக்கும்,” என்றாள் தர்சினி. “விழுந்தவ எண்டு சொன்னவ.”

“அண்டைக்கே கொண்டு வந்திருக்கோணும். தலை அடிபட்டால் நல்லாயிருக்கு எண்டு ஆளே சொன்னாலும் கொண்டு வரோணும். முதல் நாள் ஒண்டும் தெரியாது.”

ஒப்பரேஷன் நடந்தது. தலையை மழித்து, ஓட்டையிட்டு, இரத்தத்தை எடுத்தார்கள். உயிர் தப்பியது. கண் விழித்த வினிபிரட்டுக்கு இடதுகையில் பலமில்லை. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இருந்தது. ஆட்களின் முகம் தெரிந்தது, யார் என்றும் தெரிந்தது, ஆனால் பெயர் வாய்க்கு வரவில்லை. தம்பியைப் பார்த்து “இவர்… இவர்…” என்று தடுமாறினார். தர்சினியைப் பார்த்து அழுதார்.

நேசராஜா விடுகிற ஆள் இல்லை. அக்கா தேவாலயத்திலிருந்து நடந்து வந்த வழியில் கடை கடையாகக் கேட்டுக்கொண்டு போய்ச் சைக்கிள் கடைக்காரரிடம் விசாரித்தார். வெள்ளைக் கார், ஓடினது ஒரு பெண், தெரிந்த பிள்ளை போலக் கதைத்தாள், அம்மாதான் போகச் சொன்னவ, நம்பர் எழுதவில்லை என்று கடைக்காரர் சொன்னார். நேசராஜா ஆஸ்பத்திரிப் பொலிசில் அறிவித்தார். ஒரு சார்ஜன்ட் வாட்டுக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார்.

“அம்மா, காரை ஓடினது ஆர்? உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?”

தன் தம்பியின் பெயரே வராத அந்த நேரத்தில் வினிபிரட்டுக்கு ஒரு பெயர் மட்டும் தெளிவாக நினைவிலிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தால் வந்திருக்கும். அவர் தலையை ஆட்டினார். “தெரியாது,” என்றார்.

சார்ஜன்ட் எழுதிக்கொண்டு போனார். இப்படிப்பட்ட நோயாளி தெரியாது என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் வினிபிரட் ஜெயனியைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. அவளே வருவாள், வந்து தானே சொல்லுவாள் என்று நினைத்தார். தான் சொல்லி அது வெளியே வரக்கூடாது என்று இருந்தது. விடுதியில் எத்தனை தரம் அப்படிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். கண்ணாடி உடைத்த பிள்ளை எப்படியும் பின்னேரத்துக்கிடையில் வந்து நிற்கும்.

ஜெயனி வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ பழைய பிள்ளைகள் வந்தார்கள். கிளிநொச்சியிலிருந்து வந்தார்கள், கொழும்பிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள், லண்டனிலிருந்து வீடியோவில் கதைத்தார்கள். ஒவ்வொரு முறையும் கதவடியில் ஆள் அசைந்தால் வினிபிரட் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் அப்படியென்ன தூரம், பஸ்சில் அரைமணி நேரம்தானே.

தை பிறந்தது. அவரை நேசராஜா தன்னுடைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். விடுதி வேலை முடிந்துவிட்டது. பாடசாலை அதிபர் நேரில் வந்து, வயதும் கிட்டுகிறது, ஓய்வெடுங்கள் மேற்றன் என்று பக்குவமாகச் சொன்னார். அந்த அறையிலிருந்த சாமான்களைத் தர்சினி கட்டிக் கொண்டுவந்தாள். இருபத்தெட்டு வருடத்துச் சாமான் ஒரு ஓட்டோவுக்குள் அடங்கிவிட்டது.

பங்குனியில் ஒரு பின்னேரம் ஜெயனி வந்தாள். நேசராஜா வீட்டில் இல்லை. அவருடைய மனைவி நிமலினிதான் கதவைத் திறந்தாள். பழைய பிள்ளை என்று சொல்லி உள்ளே வந்தவள், கையில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலும் அப்பிள் பையும் வைத்திருந்தாள். வினிபிரட் கதிரையில் இருந்தார். ஜெயனி அவருக்கு முன்னால் இருந்தாள். முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

“மச்சாளுக்கு ஆக்களின்ரை பேர் சொல்ல வராது,” என்று நிமலினி சொன்னாள். “குறை நினையாதேங்கோ.”

“ஓம், கேள்விப்பட்டனான்,” என்றாள் ஜெயனி. “பழசெல்லாம் மறந்துபோச்சு எண்டு சொல்லிச்சினம்.” அப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “அடிச்சது ஆரெண்டு கடைசிவரைக்கும் தெரியேல்லையோ?”

“எங்கை தெரியிறது. இவவுக்கு நினைவில்லை. பொலிசும் விட்டிட்டுது.”

ஜெயனியின் தோள் இறங்கியது. அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை அவள் விட்டதை வினிபிரட் கண்டார். “ஆரோ இரக்கமில்லாததுகள்,” என்றாள் அவள், நிமலினியைப் பார்த்து. “இறங்கிப் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாம்.”

நிமலினி தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

“ஜெயனி,” என்றார் வினிபிரட்.

மாதக்கணக்காகப் பெயர் எதுவும் ஒழுங்காக வராத வாய். ஜெயனியின் முகம் வெளிறிப்போனது. உள்பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு மெல்லமாகச் சொன்னாள்: “நீங்கள்தானே மேற்றன் என்னைப் போகச் சொன்னனீங்கள்.”

“ஓம்.” சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது. “போ எண்டு… சொன்னனான். வராதை எண்டு… சொல்லேல்லை.”

“எனக்கு நியமனம் வந்திட்டுது. வாற மாதம் போகோணும். கேஸ் ஒண்டு எண்டால் என்ன செய்வாங்களோ தெரியாது. அவரும் இஞ்சை இல்லை. மாமி என்னைத் தின்னுவா. நீங்கள் இவ்வளவு நாளும் சொல்லேல்லைத்தானே, மேற்றன். இனியும் சொல்லமாட்டியள்தானே?”

அவள் அதற்குத்தான் வந்திருந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவேயில்லை என்பது வினிபிரட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. நிமலினி தேத்தண்ணியோடு வந்தபோது ஜெயனி எழும்பியிருந்தாள். குடிக்காமல் போனாள்.

அன்றைக்கே வினிபிரட் தம்பியிடம் சொன்னார். நேசராஜா முதலில் நம்பவில்லை. நம்பியதும் கத்தினார். ஜெயனிமீதா அக்காமீதா கத்துகிறார் என்று தெரியாமல் கத்தினார். அடுத்த நாள் காலை இருவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். பழைய சார்ஜன்டே இருந்தார்.

“முதல் தெரியாதெண்டு சொன்னனீங்கள். இப்ப தெரியும் எண்டிறியள். ஏனம்மா அண்டைக்குச் சொல்லேல்லை?”

“அவளே… வந்து சொல்லுவாள்… எண்டு இருந்தனான்.”

சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “உதை நான் என்னெண்டு எழுதுறது?” என்றார். கடைசியில் அப்படியே எழுதினார்.

வழக்கு நடந்தது. சைக்கிள் கடைக்காரர் சாட்சிக்கு வந்து அடையாளம் காட்டினார். ஜெயனி குற்றத்தை ஒப்புக்கொண்டாள். தண்டப்பணம் கட்டினாள், லைசன்சைக் கொஞ்சக் காலத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். நியமனத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவள் பயந்தது வீண். வினிபிரட்டுக்குக் காப்புறுதியிலிருந்து நட்டஈடு கிடைக்கும் என்று நேசராஜா நம்பியிருந்தார். கால் தடக்கி விழுந்தேன் என்று வீதியில் சொன்னதும், தெரியாது என்று பொலிசுக்குச் சொன்னதும், ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனதும் ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்து நின்றன. அந்த அடி வேறு எங்காவது பட்டிருக்கலாம்தானே என்று காப்புறுதிக் கம்பனிக்காரர் கேட்டு இழுத்தடித்தார்கள். இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

“அண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தால் எல்லாம் முடிஞ்சிருக்கும்,” என்று சட்டத்தரணி சொன்னார். “அந்தப் பிள்ளைக்கும் இதைவிடக் கூட ஒண்டும் நடந்திராது.”

அது வினிபிரட்டுக்குத் தெரியாததல்ல. போ என்று சொன்னபோது அவளுக்கு நன்மை செய்வதாகத்தான் நினைத்தார். பயந்து ஓடுவதற்கு வழிவிட்டதும் தான்தான் என்று பிறகு பல நாள் இருந்து யோசித்தார். தம்பிக்குச் சொல்லவில்லை. சொல்வதற்குச் சொற்களும் போதாது.

தீர்ப்பு நாளன்று நீதிமன்ற வாசலில் ஜெயனியும் மாமியும் அவர்களைக் கடந்து போனார்கள். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயனி ஒரு கணம் நின்றாள்.

“இப்ப சரியோ மேற்றன்?” என்றாள்.

அந்தக் குரலில் கோபம்தான் இருந்ததா, வேறு ஏதும் இருந்ததா என்று வினிபிரட்டால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவளுடைய கையைப் பிடிக்க நினைத்தார். இடதுகை எழவில்லை, வலதுகை தம்பியின் தோளைப் பிடித்திருந்தது. மறுமொழி சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அதற்குள் அவர்கள் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

ஜெயனி இப்போது மன்னார்ப் பக்கம் படிப்பிக்கிறாள். விடுதிக்கு வருவதில்லை. தர்சினி மேற்றனாகிவிட்டாள், மாதத்தில் ஒரு ஞாயிறு சண்டிலிப்பாய்க்கு வந்து வினிபிரட்டின் தலையைக் கழுவி வாரிவிட்டுப் போவாள்.

டொக்டர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறார். வெயில் தாழ்ந்ததும் நிமலினி, “வாங்கோ மச்சாள், ஒழுங்கைக்குள்ளை போட்டு வருவம்,” என்று கூப்பிடுவாள். வினிபிரட் எழும்புவார். படலைக் கதவு வரைக்கும் வருவார். ஒழுங்கை முகப்பில், அந்தச் சின்னத் தெரு பெரிய வீதியோடு சேரும் இடத்தில், ஒரு வாகனம் திரும்புகிற சத்தம் கேட்டால் நிமலினியின் கையை இறுக்கிப் பிடிப்பார். அது போய் மறைந்த பிறகும் விடமாட்டார். பிறகு இருவரும் வீட்டுக்குத் திரும்பி விடுவார்கள்.