கடைசி பஸ் வரை ஐஸ் விளக்கு

அந்தக் கிறிஸ்துமஸ் மாலையில் என்னோடு வேலை செய்த ஒருவர் வீட்டு வாசலில் அவரும் நானும் பக்கத்து வீட்டு அம்மாளும் இருந்தோம். கல்யாணமாகிப் போன நான்கு வருடத்தில் முதல்முறையாகக் கைக்குழந்தையோடு வருவதாக எழுதியிருந்த அவர் மகள் இன்னும் வந்து சேரவில்லை. அந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துச் சொன்னவன் நான்.

திண்டிவனம் ஐஸ் ஃபேக்டரியில் நான் குமாஸ்தா. அவர் ஐஸ் உறையவைக்கும் உப்புநீர்த் தொட்டியில் வேலை செய்பவர். உப்புநீரில் ஊறி வெளுத்த விரல்களை, பேசும்போதெல்லாம் அக்குளில் செருகிச் சூடேற்றிக்கொள்வார். தொட்டியில் இறக்கும் தகர அச்சுக்குள் ஐஸ் ஓரத்திலிருந்துதான் உறையும். நடுவில் தண்ணீராக இருக்கும்போதே எடுத்துக் கொட்டிவிட்டால் உள்ளே குழிவான கட்டி கிடைக்கும். அப்படி இரண்டு செய்து, மெழுகுவத்தி நட்டு, வாசலின் இருபுறமும் வைத்துச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்.

"இன்னா மாமா, ஐஸுக்குக் குளிருதுன்னு போத்தி வச்சிக்கினு இருக்கியா?" என்றாள் அந்த அம்மாள்.

அவர் சிரிக்கவில்லை. "இப்பவே ஏத்தினா அவ வர்றதுக்குள்ள கரைஞ்சிடும். பஸ்ஸு வரட்டும்."

விழுப்புரத்திலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் சாக்கை விலக்கினார், மறுபடி மூடினார். கடைசி பஸ்ஸும் போனது. அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"உங்க பொண்ணு நாளைக்கு வந்துடும்ண்ணே" என்றேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது.

"நாளைக்கு ஐஸு ஏது தம்பி?"

இரண்டையும் ஏற்றினார். வாசல் மண்ணில் மஞ்சள் வெளிச்சம் நடுங்கியது. யாருக்காக ஏற்றினார் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. கரைந்த நீரில் திரிகள் அணையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அவரே என் மேசைக்கு வந்து சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு கட்டி ஐஸ், மூன்று ரூபாய்.