கம்போடியாவின் மூக்கு

ஏழு வருஷமாகக் கேலிச்சித்திரங்களில் கம்போடியாவுக்குத் தனகோன் சாரூனின் மூக்கை வைத்து வரைகிறான் என்பதுதான் சாரூனுக்கு அவன்மேல் உள்ள ஆத்திரம். அன்றும் தனகோன் அதைத்தான் வரைந்துகொண்டிருந்தான். எல்லைச் சந்தையின் தாய்லாந்துப் பக்கத்தில் அவனுக்குச் செல்போன் ரிப்பேர் கடை. இடது கையில் மிளகாய் உப்பில் தோய்த்த மாங்காய்க் கீற்று, வலது கைச் சுட்டுவிரல் திரையில். வரைந்ததைச் சூட்டோடு இணையத்தில் ஏற்றிவிட்டு, வருகிற ஏச்சையும் பாராட்டையும் பக்கத்துக் கடைக்காரிக்குக் கேட்கும்படி உரக்க வாசிப்பான்.

அவன் படத்தில் தாய்லாந்து ஒரு யானை. அதற்கு யார் முகமும் கிடையாது. கம்போடியாவுக்குத்தான் சப்பை மூக்கு, ஒட்டிய கன்னம், கழுத்தில் கட்டம்போட்ட துண்டு. கம்போடியாவிலிருந்து வந்து சந்தையில் பாரவண்டி தள்ளும் சாரூனை அப்படியே உரித்து வைத்திருக்கும். இரண்டு அரசாங்கமும் முறைத்துக்கொண்டால் அந்த ஆள் யானையின் தந்தத்தை அறுத்துக்கொண்டு ஓடுவான். கைகுலுக்கிக்கொண்டால், யானை நீட்டுகிற வாழைப்பழத்துக்குக் கையேந்தி நிற்பான்.

கெட்டவன் என்று ஒதுக்கவும் முடியாது. சாரூனின் போன் எப்போது படுத்தாலும் காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்பான். வெயிலில் வந்து நின்றால் தன் நாற்காலியை இழுத்துப் போடுவான். "ஒங்க மூஞ்சியில ஒரு பாவம் இருக்குண்ணே. ஒரு நாட்டையே தாங்கும்" என்பான்.

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லைக் கதவை மூடப்போவதாக ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. மறுபடி எப்போது திறக்கும் என்று சொல்லவில்லை. இப்போது விட்டால் கேட்க முடியாது என்று சாரூன் கடை முன்னால் வண்டியை நிறுத்தினான்.

"தம்பி, அந்த மூஞ்சிய மாத்திரு. பள்ளிக்கூடத்துல எம்பொண்ண 'தந்தத் திருடன் மக'ன்னு கூப்புடுறானுங்க. பெரியவனுங்க அதுக்கும் மேல. தாய்லாந்துக்காரன்கிட்ட காசு வாங்கிட்டு மூஞ்சியக் காட்டுனவனாம் நான்."

"அட, அது நீங்க இல்லண்ணே. நாடு."

"நாட்டுக்கு ஏதுடா மூக்கு? அது என் மூக்கு."

பக்கத்துக் கடைக்காரி சிரித்துவிட்டாள். தனகோன் சிரிக்கவில்லை.

"சரிண்ணே. இனிமே ஒங்க மூஞ்சிய வரையல. சத்தியம்." மீதி மாங்காயைக் காகிதத்தில் மடித்து வண்டியில் வைத்தான். "பாப்பாவுக்குக் குடுங்க."

சாரூனுக்கு நெஞ்சு லேசானது. மூட்டையும் முடிச்சுமாய்ப் போகிற கூட்டத்தோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு கதவை நெருங்கிவிட்டான். அப்போது போனை உயர்த்திப் பிடித்தபடி பின்னாலேயே ஓடிவந்தான் தனகோன்.

"அண்ணே! திரும்பாதீங்க! மூஞ்சி வேணாம், முதுகு போதும். கொஞ்சம் குனிஞ்சு தள்ளுங்க!"