கையைச் சுடாத கன்சோல்

டிவியில் செருகி விளையாடும் கேம் கன்சோல்களைச் செய்கிற கம்பெனியில் அவர் வடிவமைப்பாளர். மேல்மூடி, காற்றுத் துளை, பொத்தான் எல்லாம் அவர் வேலை. பிரிவின் தலைவர் அவர் மனைவியின் அண்ணன். வீட்டில் மச்சான், ஆபீஸில் சார். நாக்கு ஒருநாளும் தவறியதில்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன் அட்டையையும் தெர்மாகோலையும் வெட்டி ஒரு மாதிரி செய்துகொண்டு போனார். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பிடி. வெளியே போனால் கையில் வைத்து விளையாடலாம். வீட்டுக்கு வந்து தாங்கியில் நிறுத்தினால் ஆட்டம் டிவிக்குப் போய்விடும். கூட்டத்தில் மச்சான் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "வீட்டுக்கும் ஆகாது, வெளியிலயும் ஆகாது. ரெண்டுங்கெட்டான்" என்றார்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மறுநாளே அது அவர் பெயராகிவிட்டது. அந்த வாரம் விருந்துக்கு வந்த மச்சான் அதையே நடித்துக் காட்ட, மனைவியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கீழ்த்தளத்தில், பழுதாகித் திரும்பி வரும் கன்சோல்களைத் திறந்து கரப்பான் முட்டை சுரண்டும் பிரிவுக்கு அவரை மாற்றினார்கள்.

மூன்றாம் வருடம் போட்டிக் கம்பெனி ஒன்று அச்சு அசலாக அப்படியே ஒன்றை இறக்கியது. குழந்தைகள் சாமான் என்றார் மச்சான். அடுத்த வருடம், நம் வாடிக்கையாளர்களே வேறு என்றார். அதற்கடுத்த வருடம் விற்பனை படுத்துவிட்டது. மச்சான் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து அவர் தோளில் கை போட்டார்.

"மாப்ள, அந்த அட்டைப் பொட்டி இன்னும் இருக்கா?"

அதைச் செய்ய அவருக்குப் பதினோரு பேரைக் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி வெப்பத்தைக் கவனிக்கிற இன்ஜினியர். பெரிய கன்சோலின் சிப்பைக் கையடக்கப் பெட்டிக்குள் வைத்தால் அடுப்புக்கட்டியைப் பிடித்த மாதிரி இருந்தது. காற்றுப் பாதையை அவள் நாற்பத்தொரு முறை மாற்றினாள். பதிமூன்றாம் மாதம் மூன்று மணி நேரம் விடாமல் விளையாடியும் முதுகுப் பக்கம் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. அன்று அவர் மாடிப்படியில் சீட்டியடித்துக்கொண்டு இறங்கியதைப் பலர் பார்த்தார்கள்.

மேலிடம் மனம் மாறியது. வீட்டிலிருக்கும் கன்சோலில் ஓடுகிற ஆட்டத்தை வைஃபையில் வாங்கிக் காட்டும் வெறும் திரை போதும், செலவும் குறைவு என்றார்கள். வீணான பதிமூன்று மாதத்துக்குக் காரணம் வேண்டுமே. நீண்ட நேரம் பிடித்தால் கையைச் சுடும் என்று மச்சான் ஒரு தாள் தயாரித்தார். அவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"அண்ணன் சொன்னா போட்டுக் குடுங்க. வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்து என்னத்தக் கிழிக்கப் போறீங்க?"

கையெழுத்துப் போட்டார். அதன் நகலை அந்த வெப்ப இன்ஜினியரிடமும் நீட்டினார்கள். அவள் கையெழுத்துப் போடாமல் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஆட்குறைப்புக்கு மூன்று பெயர் கேட்டபோது, யாரும் சொல்லாமலே, அவள் பெயரை முதலில் எழுதினார். தினமும் அந்த முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

கடைசி நாள் அவள் அவர் மேசைக்கு வந்தாள்.

"கை சுடலன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?"

"தெரியும்மா."

"லிஸ்ட்ல என் பேர எழுதச் சொன்னாங்களா, நீங்களா எழுதினீங்களா?"

"நானாத்தான்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். செய்துவைத்த முப்பது மாதிரிகளையும் நொறுக்கும் இயந்திரத்தில் அவரே போட்டார்.

வெறும் திரை ஓரளவு விற்றது, அப்புறம் நின்றது. ஒன்பதாம் வருடம் மூன்றாவது கம்பெனி ஒன்று புதிய கையடக்கக் கன்சோலை இறக்கியது. அவர் அதைப் பிரித்தார். உள்ளே அவளுடைய காற்றுப் பாதை. அங்கே இப்போது அவள்தான் தலைவி. நமக்கும் இது வேண்டும், நீ கூப்பிட்டால் வருவாள் என்று மச்சான் எதிரே உட்கார்ந்து போன் போட வைத்தார்.

அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க கையெழுத்துப் போட்ட அந்தத் தாள ஃப்ரேம் போட்டு எங்க ஆபீஸ்ல மாட்டியிருக்கேன் சார். புதுசா சேர்றவங்களுக்கு முதல்ல அதத்தான் காட்டுவோம். எல்லாருக்கும் உங்க பேரு மனப்பாடம்."

போனை வைத்துவிட்டாள். வரமாட்டாளாம் என்றார் அவர். அப்படியானால் நீயே செய்து கொடு, எட்டு மாதம் தருகிறேன் என்று சொல்லி மச்சான் எழுந்து போனார்.

அவர் கன்சோலின் மூடியை மறுபடி கழற்றி, காற்றுப் பாதையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளந்து எழுதிக்கொள்ளத் தொடங்கினார்.