ஆறாம் படுக்கையின் எண்

“பேர் வேணாம், நம்பரைச் சொல்லுங்க.”

தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இப்படிக் கேட்கும்போதே, அவருடைய வலது கை எதிரே இரைந்துகொண்டிருக்கும் கணினியின் மேல் போய் உட்கார்ந்துவிடும். காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் புறங்கையால்தான் தொடுவார். சூடு அளவாக இருந்தால் ஒரு ‘ம்’. கூடினால் அறையின் ஏசிக்கு ஒரு வசவு. மருத்துவமனையின் அடித்தளத்தில், மருந்துக் கிடங்குக்கும் சலவை அறைக்கும் நடுவில், சன்னலே இல்லாத அறையில் பதினேழு ஆண்டுகளாக இருக்கிறார். ஊழியர் பட்டியலில் நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. மாடியில் எல்லோருக்கும் அவர் நம்பரக்கா.

அந்தக் கட்டடத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கருவிகள் ஆயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்தான் முகவரி. ஒன்றுக்குக் கொடுத்ததை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. கைப்பேசிபோல் வந்துபோகும் கருவிகளுக்கு எட்டு மணி நேரக் குத்தகை. நேரம் முடிந்தால் எண் திரும்பி வந்துவிடும். எக்ஸ்ரே கருவிக்கும், படுக்கையருகே இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டருக்கும் மாறாத எண். மனிதர்களுக்கு எண் நினைவில் நிற்காது என்பதால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயர் சூட்டி, பெயரைச் சொன்னால் எண்ணைத் தர ஒரு கணினி வைத்திருக்கிறார். “பேரு மனுசங்களுக்கு, நம்பரு மெசினுக்கு. நடுவுல தரகு நான். கமிஷன்தான் கெடையாது.”

பட்டியலில் இல்லாத கருவி ஏதாவது வலைப்பின்னலில் தலைகாட்டினால் அவருக்குப் பொறுக்காது. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘திருட்டுக் குடித்தனம்’. ஒருமுறை எலும்பு மருத்துவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து செருகியிருந்த வைஃபை பெட்டியைக் கையோடு பிடுங்கி வந்து மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டார். மருத்துவர் மூன்று நாள் கெஞ்சினாராம். வீட்டிலும் இதே கதைதான். “நான் ஆபீஸ்லேர்ந்து லேட்டா வந்தா, ‘குத்தகை முடிஞ்சு போச்சு, வெளியில நில்லுங்க’ங்கிறா சார்” என்று வாசலில் அவரை ஏற்றிக்கொண்டு போக வந்த கணவர் என்னிடம் முறையிட்டார். “பின்ன? நீங்க என்ன நிலையான நம்பரா?” என்று இவர் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இப்போது கூசுகிறேன்.

நான் அங்கே போனது ஒரு சாவை விசாரிக்க. விசாரணைக் குழுவில் மருத்துவமனையைச் சேராத ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒருவர் நான். கடைசல் பட்டறைத் தொழிலாளி ஒருவர், நாற்பத்திரண்டு வயது, ஆறாம் படுக்கையில் இருந்தார். ஒரு வியாழக்கிழமை பிற்பகல் அவருடைய இதயம் தடுமாறி நின்றது. படுக்கையருகே அலற வேண்டிய மானிட்டரின் ஒலியை, பார்வையாளர்களுக்குத் தொந்தரவு என்று மருத்துவமனை இயக்குநரே சுற்றறிக்கை போட்டு அடக்கி வைத்திருந்தார். எல்லா மானிட்டர்களும் அனுப்புவதைக் காட்டும், செவிலியர் மேசையின் பெரிய திரைதான் எச்சரிக்க வேண்டும். அது எச்சரிக்கவில்லை. பதினெட்டுப் படுக்கைக்கு அன்று ஒரே செவிலியர். பதினேழாம் படுக்கையில், திரைச்சீலைக்குப் பின்னால், ஒரு கிழவருடைய புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது திரையில் ஆறாம் கட்டத்தில் துடிப்பு எழுபத்தெட்டு என்று அசையாமல் நின்றிருந்தது. அந்த மனிதர் இறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாளே அந்தப் பெண்ணை இடைநீக்கம் செய்தார்கள். “அவர் தலையெழுத்து அவ்வளவுதான்” என்றார் இயக்குநர் என்னிடம், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. அடுத்த மூச்சிலேயே, “ஆனாலும் நர்ஸ் ஜாக்கிரதையா இருந்திருக்கணும், இல்லையா?” என்றார். செத்தவனுக்கு விதி, கட்டு மாற்றியவளுக்குக் குற்றம், சுற்றறிக்கை போட்டவருக்கு வருத்தம். எவ்வளவு வசதியான பங்கீடு!

விசாரணைக்கு முன்னால் இரண்டு பிற்பகல்கள் நம்பரக்காவின் அறையில் இருந்தேன். கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னார். அன்றைக்கு வலைப்பின்னல் சரியாக இருந்ததா என்று கேட்டபோது மட்டும், “அதை அங்க வந்து சொல்றேன் சார்” என்று எழுந்துபோய்க் கம்பிகளைச் சீர்படுத்த ஆரம்பித்தார்.

விசாரணை நடந்தது அவர் இறந்த இருபத்தெட்டாம் நாள். நீள மேசையின் ஒருபுறம் நாங்கள், எதிரே தனியாக அந்தச் செவிலியர். நம்பரக்கா முன்னால் இயக்குநர் தட்டச்சு செய்த ஒரு தாளை வைத்தார். ‘சம்பவத்தன்று வலைப்பின்னலில் கோளாறு எதுவும் இல்லை.’ ஒரே வரி.

“கையெழுத்து மட்டும் போடுங்கம்மா. ஃபார்மாலிட்டிதான்.”

நம்பரக்கா தன் பையிலிருந்து, வலைப்பின்னலின் பதிவை அச்செடுத்த நான்கு தாள்களை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“கோளாறு இருந்துச்சு சார். வியாழக்கிழமை மூணு பன்னெண்டுக்கு. ஆறாம் படுக்கை மானிட்டரோட நம்பரை இன்னொரு மெசின் எடுத்துக்கிச்சு. ஒரே நம்பருக்கு ரெண்டு பேர் சண்டை. மானிட்டர் தோத்துப் போச்சு. அது அனுப்புன எதுவும் திரைக்கு வரல. கடைசியா வந்த எழுபத்தெட்டே நின்னுடுச்சு.”

“எந்த மெசின்?” என்றேன்.

“ஒவ்வொரு மெசினுக்கும் செய்யிற எடத்துலயே ஒரு எண்ணைப் பொறிச்சுடுவாங்க, அதை மாத்த மாட்டாங்க. அதை வெச்சுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டே போனேன். மூணாவது மாடி. இயக்குநர் ரூம். புது டிவி.”

திங்கட்கிழமை மாட்டிய தொலைக்காட்சியை இயக்குநர் முதன்முதலாகப் போட்டது வியாழக்கிழமை, பந்தாட்டம் பார்க்க. பொத்தானை அழுத்திய அந்த நிமிடத்தில் இரண்டு மாடிக்குக் கீழே ஒரு மனிதனின் இதயம் யார் கண்ணிலும் படாமல் போயிற்று. அவர் கோல் விழுந்ததற்குக் கைதட்டிக்கூட இருப்பார்.

இயக்குநரின் முகம் வெளுத்தது. ஆனால் வெளுத்த முகத்துக்கும் வாய் இருந்தது. “டிவி மாட்டினவனைக் கேளுங்க! எனக்கு என்னம்மா தெரியும்? எவன் அந்த நம்பரைப் போடச் சொன்னது?”

“நான்தான்.”

அதைச் சொன்னவர் நம்பரக்கா.

“திங்கக்கிழமை டிவி மாட்ட வந்தவரு போன் பண்ணாரு. அக்கா ஒரு நம்பர் குடுங்கன்னாரு. நான் வேற வேலையா இருந்தேன். பட்டியலைத் திறந்து பாத்துக் குடுத்திருக்கணும். ‘ஏதாவது ஒரு நம்பரைக் கூப்பிட்டுப் பாருங்க, பதில் வரலேன்னா காலி, எடுத்துக்கங்க’ன்னுட்டேன். அன்னிக்கு ஆறாம் படுக்கை காலி. கழுவுறதுக்காக மானிட்டரை அணைச்சு வெச்சிருந்தாங்க. அது எப்படிப் பதில் சொல்லும்?”

பதினேழு ஆண்டு ஒவ்வோர் எண்ணுக்கும் காவல் நின்றவர், ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் தன் பட்டியலைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

அதுவரை தலை நிமிராமல் இருந்த செவிலியர் நிமிர்ந்தார். “இதை எப்பக்கா கண்டுபுடிச்சீங்க?”

“மூணாம் நாளு.”

“மூணாம் நாளா? அப்ப இருபத்தஞ்சு நாளாத் தெரியுமா?”

“தெரியும்.”

“அந்தாளு பொண்டாட்டி என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. ‘தூங்கிட்டியாடீ’ன்னு கேட்டா. தூங்கலேன்னு சொல்லக்கூட எனக்கு வாய் வரல. ஒருவேளை கண்ணசந்துட்டேனோன்னு நானே நெனைக்க ஆரம்பிச்சுட்டேன். உங்களுக்குத் தெரியும்!”

“சார் வந்து சொன்னாரு” என்றார் நம்பரக்கா, இயக்குநரைப் பார்க்காமல். “பதிவு முப்பது நாள்ல தானா அழிஞ்சுடும்மா, நீங்க எதையும் அழிக்க வேணாம், சும்மா இருந்தா போதும்னாரு. சும்மா இருக்குறது எனக்கும் சுலபமா இருந்துச்சு. தப்பு என்னோடதும்தானே.”

இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரை அடக்கினேன். கோபம் யார்மேல் என்று அப்போது பிரிக்க முடியவில்லை. இன்றும் முழுதாகப் பிரிக்க முடியவில்லை. ஒருவர் உண்மையை அமுக்கப் பார்த்தார். மற்றவர் அதை இருபத்தைந்து நாள் இழுப்பறையில் வைத்திருந்துவிட்டு, அழிய இரண்டு நாள் இருக்கும்போது, தன் வேலை போகும் என்று தெரிந்தே எடுத்து வந்தார். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அந்த இருபத்தைந்து நாளும் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுடையவை.

ஒரே வரி தட்டச்சிட்டிருந்த அந்தத் தாளை நம்பரக்கா திருப்பிப் போட்டார். வெற்றுப் பக்கத்தில் தேதி, நேரம், அந்த எண், அதை யார் கொடுத்தது, யாருடைய அறை என்று வரிசையாக எழுதினார். கீழே தன் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். எழுதியதை வாங்க இயக்குநர் கையை நீட்டினார். நம்பரக்கா அவரைத் தாண்டி, தாளை மேசையின் மறுபுறம் தள்ளி, செவிலியரின் கண்ணெதிரே வைத்து, முதல் வரியின் அடியில் ஒரு விரலை ஊன்றினார். அந்தப் பெண் படிக்கப் படிக்க விரல் ஒவ்வொரு வரியாக நகர்ந்தது.