மடுவுக்குப் போக அனுமதி

அகதி முகாமை விட்டு நாடு திரும்பித் தோட்டவெளிக்குக் குடிவந்த முதல் மாதம், டெங்கு நுளம்பு பார்க்கிற உத்தியோகத்தர் எங்கள் படலையைத் திறந்தார். அப்பா பாய்ந்தெழுந்து சட்டையை மாட்டினார். அம்மா அடுப்பை அணைத்தார். பிள்ளைகள் நாங்கள் வயது வரிசையில் சுவரோரம் நின்றோம். சிரட்டைக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வந்த மனுசன், அணிவகுப்பைக் கண்டு பயந்தே போனார்.

தமிழ்நாட்டு முகாமில் அப்படித்தான். அதிகாரி பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். வெளியூரில் ஓர் இரவு தங்கவும் அனுமதி வேண்டும். அங்கேயே பிறந்து பதினைந்து வயதுவரை வளர்ந்த எனக்கு அது பல் தீட்டுவது மாதிரி ஒரு பழக்கம்.

மடு மாதா கோயிலின் ஆவணித் திருநாள் வந்ததும்தான் சிக்கல். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் நான் "இந்தியாக்காரி". ஒருத்தி மட்டும்தான் பக்கத்தில் இடம் தந்தாள். மடுவில் கொட்டில் போட்டுத் தங்கப்போகும் தன் வீட்டாரோடு என்னையும் வரச் சொன்னாள். போகாவிட்டால் இருக்கிற ஒரு சிநேகிதியும் கைவிட்டுப்போவாள் என்று எனக்கு ஒரே பயம்.

"மாதாவிட்டப் போறதை நான் மறிக்கேல்லை. விதானையைக் கேக்காமல் ராத்தங்கேலாது," என்றார் அப்பா.

என்னையும் இழுத்துக்கொண்டு, ஊருக்குப் பொறுப்பான அரசாங்க அதிகாரியான விதானையின் கந்தோருக்குப் போனார். கைகட்டி நின்றார்.

"ஐயா, மகள் மடுவுக்குப் போக அனுமதி வேணும்."

விதானை என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், பிள்ளையில ஏதும் வழக்கிருக்கோ?"

"இல்லை ஐயா, திருநாளுக்கு."

"அதுக்கு மாதாவையெல்லோ கேக்கோணும்!"

அப்பா சிரிக்கவில்லை. விதானையின் சிரிப்பும் அடங்கிவிட்டது. "அண்ணை, இது முகாமில்லை, இங்க ஒருத்தரும் தலை எண்ண மாட்டினம். பிள்ளை போகட்டும்."

"எப்ப திரும்பி வரோணும், ஐயா?"

"அதை நீங்களெல்லோ சொல்லோணும். நீங்கள்தானே தகப்பன்!"

அப்பா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார், பிறகு விதானையைப் பார்த்தார். அவரோ வேண்டுமென்றே கோப்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். எனக்கு அப்பாவை நினைக்கப் பாவமாக இருந்தது. கடைசியில் அவர் தொண்டையைச் செருமினார்.

"திருநாள் பூசை முடிய நேர வீட்டை வரோணும்."

யாரையும் கேட்காமல் அப்பா எனக்குப் போட்ட முதல் சட்டம் அது. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் போல நானும் அந்த இடத்திலேயே சண்டையைத் தொடங்கினேன்.

"மற்றவையெல்லாம் அடுத்த நாள்தான் வருகினம், அப்பா!"