உப்புத் தண்ணீர் குடித்த மரிக்கொழுந்து

ஆண்டு 2019 என்பதில் சந்தேகமில்லை. லாரித் தண்ணீருக்குச் சென்னையே குடத்தோடு நின்ற கோடை. ஏப்ரல் கடைசியா, மே தொடக்கமா என்பதுதான் உறுதியில்லை. ஈஸ்டர் கழிந்திருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அத்தை ஒரு பெட்டியோடு சாந்தோமில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமா வரவில்லை. லீவுக்கு வந்திருக்கிறாள் என்றார்கள். அத்தை டீச்சர் என்பதால் நம்பினேன்.

வந்த வாரமே மொட்டை மாடித் தொட்டிகளில் மரிக்கொழுந்து நட்டாள். செப்டம்பரில் மாதா பிறந்தநாளுக்குச் சாத்தும் பூமாலையில் தன் கையால் வளர்த்த கொழுந்து இருக்கவேண்டும், கடையில் வாங்கியது ஆகாது என்பது அவள் நேர்ச்சை. எதற்காக என்று கேட்டேன்.

"சொன்னா பலிக்காதுடி."

ஜூனில் பள்ளி திறந்தது. அத்தை திரும்பிப் போகவில்லை. அந்த மாதம்தான் எங்கள் போர்வெல் தண்ணீரும் உப்பேறியது; கடல் இரண்டு தெரு தள்ளித்தானே. சோப்பு நுரைக்கவில்லை. குடிக்கக் கேன் தண்ணீர், செடிக்கு போர்வெல் தண்ணீர் என்பது அப்பாவின் உத்தரவு. மண்மேல் உப்பு வெள்ளையாகப் படிந்தது. இலை நுனிகள் கருகின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அத்தை இருவேளையும் அதையே ஊற்றினாள். இன்னும் கருகின. செப்டம்பர் வரை தாங்குமா என்று தினமும் மாடியேறிப் பார்த்தாள்.

ஆனால் வாசனை! மாடிக் கதவைத் திறந்தாலே ஆளைத் தாக்கியது. கேன் போட வந்த அண்ணனுக்கே ஆச்சரியம்.

"இன்னாக்கா, செடி கருகிக்கினே கீது, வாசன மட்டும் தூக்குது?"

"நல்லா இருக்கு, அதான் மணக்குது."

"நல்லா கீற மூஞ்சியா இது?"

அத்தை சிரித்தாள். அந்தக் கோடையில் அவள் நிறையச் சிரித்தாள். கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து எல்லோரையும் மீறிப் பாடினாள். "உங்க நாத்தனார் வந்ததும் கோயிலே களைகட்டுது" என்று கோயிலுக்கு வருபவர்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் அம்மா அத்தைக்காக ஜெபமாலையைக் கையிலெடுத்தாள். கேன் அண்ணன் சொல்வது சரியா, அத்தை சொல்வது சரியா என்று எனக்கு ஒரே குழப்பம்.

ஆகஸ்டில் மழை வந்தது. வாளி வாளியாகப் பிடித்து ஊற்றினோம். செடி பிழைத்துத் தழைத்தது. அதே மாதம் அத்தை பக்கத்துத் தெருப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

திருநாளுக்கு முந்தைய நாள் சாயங்காலம், கொழுந்தைக் கிள்ளி மல்லிகையோடு வைத்து மாலை கட்டினாள். நான் முகர்ந்து பார்த்தேன். பசேலென்று இருந்தது, வாசனை பாதிகூட இல்லை.

"அத்தை, மறுபடி உப்புத் தண்ணி ஊத்தினா பழையபடி மணக்கும்ல?"

நார் சுற்றிய விரல்கள் நின்றன.

"வேணாம்டி. அது பட்டது போதும்."

மறுநாள் அந்த மாலை மாதாவின் கழுத்தில் ஏறியது. பூசைப் பாடல்களில் அத்தையின் குரலைத் தேடினேன். தனியாகக் கேட்கவில்லை, மற்றக் குரல்களோடு சேர்ந்தே வந்தது. காய்ச்சலோ என்று பயந்து, வீட்டுக்கு வந்ததும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

சுடவில்லை.